கட்டத்துக்குள்ள என் பேரு

ஒரே வார்த்தையில பதில் சொல்ற கேள்விதான் மேடம். புரியுது. இந்த டிராயிங்கெல்லாம் நீங்க போட்டதா, ஒங்க வீட்டுக்காரம்மா போட்டதா? நான்னு சொல்லலாம், இல்ல அவதான்னு சொல்லலாம். அம்புட்டுதான். ஆனா அந்த ஒரு வார்த்தைக்கு முன்னாடி ஒங்ககிட்ட கொஞ்சம் பேசணும். அதுக்குத்தான் தமயந்திய கடைக்கு அனுப்பினேன். வீட்ல பிஸ்கட் இல்லாம இல்ல, இருக்கு. மேடம் வந்துருக்காங்க, நல்ல பிஸ்கட்டா வாங்கிட்டு வான்னு அனுப்பினேன். காட்டூர் கடைத்தெருவு வரைக்கும் போயிட்டு வரணும். அதுக்குள்ள சொல்லி முடிச்சிடறேன். காபி ஆறுது பாருங்க, குடிங்க.

தப்பா நெனைக்காதீங்க. நீங்க வாசல்ல வந்து நின்னு, "தமயந்திங்கறவங்க வீடு இதுதானே, எங்க டிசைன் ஆபீசுக்கு வேலைக்கு எழுதிப் போட்டுருந்தாங்க"ன்னு சொன்னீங்க பாருங்க, அப்பதான் எனக்கே விஷயம் தெரியும். என் பொண்டாட்டி வேலைக்கு எழுதிப் போட்டுருக்கா, எனக்குத் தெரியாம. பகீர்னு ஆயிருச்சு. ஆனா மூஞ்சில காட்டிக்கிட்டேனா? இல்லையே. வாங்க வாங்கன்னு சிரிச்சேன்ல?

அப்பறம் லேப்டாப்ப தொறந்து, அவ அனுப்புன டிராயிங்க காட்டுனீங்க. ஒவ்வொண்ணுலயும் வலது பக்கம் கீழ, போட்டவன் பேரு எழுதுற அந்தக் கட்டம். வரைந்தவர், ஜே.கே. அது அடியேன்தான், ஜே.குஞ்சிதபாதம். சரிபார்த்தவர், எங்க மொதலாளி சவரிராஜ் சார். அவ என் பேர அழிச்சிட்டு அனுப்பியிருக்கலாம். ஏன் அழிக்கலன்னு எனக்கு வெளங்கல. அழிச்சிருந்தா நீங்க இம்புட்டு தூரம் வந்து இந்தக் கேள்விய கேட்டுருக்க வேண்டாம். என் உசுரும் போயிருக்காது.

நான் ஐ.டி.ஐ. படிச்ச டிராப்ட்ஸ்மேன் மேடம். துவாக்குடியில சவரிராஜ் சார் பட்டறையில மீசை மொளைக்கும்போது சேந்தேன், இப்ப மீசை நரைச்சுப் போச்சு. அப்ப எல்லாம் பலகையும் பென்சிலும். அப்பறம் கம்ப்யூட்டர் வந்துச்சு, கோடு போடுற சாப்ட்வேர். அதுக்கும் நான் அசரல. பலகையில போட்ட கோட்ட ஸ்க்ரீன்ல போட்டேன். சதுரமா ஆரம்பிச்சு வட்டமா முடியற குழாய் இருக்குல்ல, அத தகட்டுல எப்புடி வெட்டி வளைக்கணும்னு விரிச்சுப் போட்டுக் குடுப்பேன். சவரிராஜ் சார் வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம், "எங்க குஞ்சு கோடு போட்டா அதுல ஊசி நொழையாது"ம்பாரு. பெருமைக்கு சொல்லல. சொன்னது அவரு.

அப்பறம்தான் வந்துச்சு வெனை. ஆர்டர் குடுக்குறவங்க எல்லாம் த்ரீ-டி-யில குடுங்கன்னு ஆரம்பிச்சுட்டாங்க. வெறும் கோடு பத்தாதாம். பொருள் முழுசா ஸ்க்ரீன்ல நிக்கணுமாம், சுத்திச் சுத்திப் பாக்கணுமாம். நான் நெனச்சேன், முடிஞ்சுது கதை, சின்னப் பசங்கள எடுத்துட்டு நம்மள வீட்டுக்கு அனுப்பிருவாருன்னு. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? "நீ இருக்கும்போது எனக்கு எதுக்குப்பா இன்னொருத்தன்? கம்பெனி செலவுல போயி கத்துக்கிட்டு வா." இந்த வார்த்தைதான் மேடம், இந்த வார்த்தைதான் என்னைக் கொல்லுது. வேற மொதலாளியா இருந்தா சொல்லுவானா?

தில்லைநகர்ல கிளாசு. பூராவும் காலேஜ் பசங்க. சொல்லிக்குடுக்கறது ஹேமப்ரியான்னு ஒரு பொண்ணு, எனக்கு மக மாதிரி, சின்ன வயசு. நான் மவுஸ கையில எடுத்தா ஓடியாந்துரும். "அங்கிள், மறுபடியும் கோடு போடுறீங்க. கோடு போடாதீங்க. மொதல்ல பொருளச் செய்யுங்க, கோடு தன்னால வரும்." என்னம்மா இது, சோத்தத் தின்னுட்டு அரிசி களையற கதையா இருக்கு? ஆயுசு முழுக்க கோட்ட வச்சுத்தான் பொருளப் பாத்துருக்கேன், பொருள வச்சு கோட்டப் பாக்க எனக்கு மூளை திரும்பல. பசங்க ஒரு தப்பு பண்ணா பின்னாடி போயி சரிபண்றானுங்க. நான் ஒண்ணத் தொட்டா மொத்தமும் செவப்பா மாறி, தப்பு தப்புன்னு கத்துது. வேர்த்து ஊத்தும் எனக்கு. ஏசி ரூமு மேடம் அது.

ஹேமப்ரியாதான் எரக்கப்பட்டு, பாடத்த எல்லாம் வீடியோவா குடுத்துச்சு. வீட்ல ஓட்டிப் பாருங்க அங்கிள்னு. இதே எடத்துல உக்காந்து ஓட்டுவேன். தமயந்தி அங்கன தரையில உக்காந்து அவரக்கா நறுக்குவா. ஒரு நா நான் திண்டாடிக்கிட்டு இருக்கேன், அவ தலைய நிமுத்தாமயே சொல்றா: "ஓரத்தத் தொடாதீங்க. அந்தப் பொண்ணு மொகத்தத்தான, அந்தத் தட்டையான பக்கத்தத்தான தொடச் சொல்லிச்சு?" தொட்டேன். வந்துருச்சு. எனக்கு ஒரே சந்தோஷம். வழி தெரியாம அலைஞ்சு வீடு வந்து சேந்த சந்தோஷம்னு வச்சுக்கங்களேன். மறுநாளு அவ பக்கத்துல நின்னா. அதுக்கு அடுத்த நாளு, "நகருங்க"ன்னா.

அவ பி.எஸ்சி. கணக்கு. நல்ல மார்க்குன்னு அவங்க அப்பா சொல்லுவாரு. கல்யாணத்தப்ப அத யாரும் பெருசா எடுத்துக்கல, நானும் கேட்டுக்கல. சமையல் நல்லா வரும், கோவம் வராது, அதான் எங்கம்மா பாத்தது.

அவளுக்கு ஹாப்பர்னா என்னன்னு நான்தான் மேடம் சொல்லிக்குடுத்தேன். இத நீங்க குறிச்சுக்கணும். மாவு மில்லுல அரிசி கொட்டுவாங்கள்ல, மேல அகலமா கீழ குறுகலா, அத வீடு ஒசரத்துக்கு இரும்புல செஞ்சா அதுதான்டின்னேன். பிடிச்சுக்கிட்டா. நேரா போயி வளையிற தகட்டுல இந்த மடிப்பு இங்க வந்தா போல்ட் போட கை நொழையுமான்னு கேட்டா. அட, ஆமால்லன்னு எனக்கே தோணுச்சு. கிளாசுல குடுத்த வீட்டுவேலை பூரா அவதான் செஞ்சா. கடைசிப் பரீட்சைக்கு ஒரு முழு ஹாப்பர் செஞ்சு குடுக்கணும், அதையும் செஞ்சா. அதோ செவுத்துல மாட்டியிருக்கு பாருங்க சர்டிபிகேட்டு. முதல் வகுப்பு. என் பேருல.

வாங்குன ஒடனே அத சுருட்டி வச்சுக்கிட்டேன் மேடம். பொய் சொல்லல. சவரிராஜ் சார் நேர்ல வந்துருந்தாரு. எம்மேல கைய போட்டு, அந்தப் பசங்க முன்னாடி, "பாத்தீங்களாடா எங்க ஆள"ன்னாரு. பூமி பொளந்து என்னை விழுங்கிடாதான்னு இருந்துச்சு.

அப்பறம் கண்ணாடி ரூமு ஒண்ணு குடுத்தாரு. டிசைன் இன்சார்ஜு. எனக்கு அமைதியா இருந்தாத்தான் சார் ஓடும், பட்டறை சத்தத்துல ஓடாதுன்னு ஒரு பிட்டப் போட்டேன். அதையும் நம்பி, இதோ இந்தக் கம்ப்யூட்டர வீட்டுக்கே அனுப்பி வச்சாரு. நான் போயி அளவெடுத்துட்டு வருவேன். கையால படம் போட்டு காலைல அவகிட்ட குடுத்துட்டு ஆபீசு போவேன். அவ சமையல முடிச்சு, துணி தொவைச்சு, பகல்ல உக்காந்து போட்டு வச்சுருப்பா. மறுநாளு பென் டிரைவ எடுத்துக்கிட்டு நான் போவேன். அளவு தப்புனா எல்லாம் தப்பும் மேடம். அளவெடுக்கறது நான்தான். அப்ப பாதி என்னுதுதானே? பாதிக்கும் மேல, நியாயமா பாத்தா.

ஆபீசுல வச்சு திடீர்னு எதாவது மாத்தச் சொல்லிட்டாருன்னா பாத்ரூமுக்குள்ள போயி போன் பண்ணுவேன். "மொதல்ல எஸ்கேப் பட்டன அழுத்துங்க"ம்பா. எப்ப கேட்டாலும் மொதல்ல அதான். சிரிக்கிறீங்க. நான் அங்க கொழாயத் தொறந்துவிட்டுட்டுத்தான் பேசுவேன்.

ஒருநாளு அவ கேட்டா, "கட்டத்துல ஜே.கே.-க்குப் பக்கத்துல சின்னதா ஒரு 'டி' போட்டுக்கவா?"ன்னு. டிராயிங்ல என்ன வெளையாட்டு? ஆர்டர் குடுத்தவன் டி யாருன்னு கேட்டா என்ன பதில் சொல்றது? வேண்டாம்னேன். சரின்னுட்டா. அப்பறம் ஒருவாட்டி, நானும் எங்கயாவது வேலைக்குப் போகட்டுமான்னா. நீ இப்ப வீட்ல இருந்தே வேலைதானடி பாக்குறன்னேன். அதுக்கும் சரின்னுட்டா. குத்தம் சொல்லக்கூடாது, எடுத்தெறிஞ்சு பேச மாட்டா.

இப்ப சொல்றதுதான் மேடம் எனக்கு நெஞ்சுல முள்ளு. ஒருநாளு ஆர்டர் குடுத்த கம்பெனிக்காரன் ஆபீசுல வந்து உக்காந்துக்கிட்டான். ஹாப்பர் வாய இன்னும் அகலமாக்கணும், இப்பவே மாத்தி லேசர் கட்டிங்குக்கு அனுப்புங்கன்னான். தமயந்திக்கு போன் போட்டா எடுக்கல. எங்க பாப்பா ஸ்கூல்ல பெத்தவங்க கூட்டமாம், போன அமத்தி வச்சுருக்கா. சவரிராஜ் சார் கண்ணாடி வழியா என்னையே பாக்குறாரு. நான் என்ன பண்ணேன், எங்க காலத்து வழக்கத்தப் பண்ணேன். கோட்டத் தொடல. அளவு எழுதியிருக்கற எண்ண மட்டும் தட்டி, புது எண்ணப் போட்டுட்டேன். நாங்க அப்புடித்தான் மேடம் செய்வோம். கோடு முன்னப்பின்ன இருந்தா என்ன? எண்ணு சரியா இருந்தா போதும். பட்டறையில இருக்குறவன் எண்ணப் படிச்சுத்தானே வெட்டுவான்?

லேசர் மிஷினு எண்ணப் படிக்காதாம். ஒங்களுக்குத் தெரியாததா. அது கோட்டத்தான் பாக்கும். பழைய அளவுலயே அத்தன தகட்டையும் வெட்டித் தள்ளிருச்சு. ஒண்ணோட ஒண்ணு சேரல. அம்புட்டும் காயலான் கடைக்கு. சவரிராஜ் சார் ரூமுக்குள்ள வந்து, என்னப்பா இப்புடி ஆயிப்போச்சுன்னாரு. என் வாயி தானா சொல்லுச்சு, "சாப்ட்வேர் கோளாறு சார்"னு. "ஒன் மேல தப்பு இருக்காதுப்பா, எனக்குத் தெரியும்"னுட்டுப் போயிட்டாரு. திட்டியிருந்தா தின்ன சோறு செரிச்சிருக்கும். அந்த மனுசன் நம்பிட்டாரே!

வீட்டுக்கு வந்து தமயந்திய ரெண்டு வாங்கு வாங்குனேன். டிராயிங்க ஒழுங்காப் போடத் துப்பில்லன்னு. பாப்பா வேற பாத்துக்கிட்டு நின்னுச்சு. அது வீட்டு விஷயம், விடுங்க. அவ பைல தொறந்து பாத்தா. "எண்ண மட்டும் மாத்தியிருக்கீங்க. கோடு பழைய எடத்துலயே இருக்கு"ன்னு சொல்லிட்டு, குக்கர் சத்தம் போடுதுன்னு எந்திரிச்சு போயிட்டா. அதோட சரி.

ஆனா எனக்குத் தூக்கம் போச்சு. மொதலாளிக்குத் துரோகம் பண்ணிட்டேன்னு ஒரே அரிப்பு. சமயபுரத்துக்குப் போயி மொட்டை போட்டேன். தமயந்தியும் கூட வந்தா, எதுக்கு மொட்டைன்னு கேக்கல. மொட்டை போட்டும் ஆறல. சவரிராஜ் சார் நம்ம சாமிகிட்டவா மன்னிப்பு கேக்கச் சொல்லுவாரு, அவரு சாமிகிட்ட கேட்டாத்தானே செல்லும்னு, பூண்டி மாதா கோயிலுக்குப் போயி மெழுகுவத்தி ஏத்துனேன். மெழுகுவத்தி வாங்கிக் குடுத்ததும் தமயந்திதான். கிறிஸ்துமசுக்கு சார் கேக்க வெட்டி மொதத் துண்ட எனக்குத்தான் ஊட்டுவாரு. அத தண்ணி குடிச்சு எறக்குவேன்.

அதனாலதான் கேக்குறேன். கையெடுத்துக் கும்புட்டுக் கேக்குறேன். எடம் நெரம்பிருச்சுன்னு அவகிட்ட சொல்லிடுங்க. நீங்களா சொன்ன மாதிரி. எனக்காக இல்ல. அவ ஒங்க ஆபீசுக்கு வந்துட்டா சவரிராஜ் சார் வேலை எல்லாம் அப்புடியே நின்னுரும். ஏற்கனவே அந்த மனுசன ஏமாத்துன பாவம், இப்ப நட்டாத்துல விட்ட பாவமும் சேரணுமா? உப்பிட்டவர உள்ளளவும் நெனைன்னு சொல்லியிருக்கு. இல்லாட்டி ஒண்ணு செய்யலாம். பகல்ல ஒங்களுக்கு வரட்டும், சாயந்தரம் வந்து எங்க டிராயிங்கப் போடட்டும். அவ முடியாதுன்னு சொல்ல மாட்டா. என்கிட்ட எதுக்கும் சொன்னதில்ல.

என்ன மேடம் அப்புடிப் பாக்குறீங்க?

என்னா கேட்டீங்க? மொதலாளிகிட்ட மன்னிப்பு கேக்கணும்னு இம்புட்டு துடிக்கிறீங்களே, அவங்ககிட்ட கேட்டீங்களான்னா? யாருகிட்ட? தமயந்திகிட்டயா? அவகிட்ட எதுக்கு மேடம்? அவளுக்கு நான் என்ன... அவதானே எல்லாம்... அவளுக்கு இதுல என்ன நட்டம்?

இருங்க, வாசல் கேட்டு சத்தம். வந்துட்டா. மேடம், நான் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

வாம்மா. இம்புட்டு சீக்கிரம் வந்துட்ட? மேடம்கிட்ட சும்மா பேசிக்கிட்டு இருந்தேன், பட்டறை விஷயம். உக்காரேன், ஏன் நிக்கிற? மேடம், நீங்க கேக்கறதா இருந்தா... ஓ. அவகிட்டயே கேக்குறீங்களா. கேளுங்க. அதே கேள்விதானே. கேளுங்க, அவளே சொல்லட்டும்.

என்ன சொன்ன?

இன்னொருவாட்டி சொல்லு. "அவரு போட்டதுதான் மேடம், நான் சும்மா கூட உக்காந்துருந்தேன்"னா சொன்ன?

ஒங்களுக்குத் தெரியாது மேடம், இப்ப அவ பேசுறதுக்கு முன்னாடி என்னைப் பாத்தா. நான் கண்ணக் காட்டுனேன். லேசா, இப்புடி. நீங்க லேப்டாப்பப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. நான்தான் காட்டுனேன். அவ ஒடனே சொல்லிட்டா. யோசிக்கக்கூட இல்ல. எம்புட்டு நாளா சொல்லிப் பழகியிருந்தா இப்புடி ஒடனே வரும்?

நான் கேட்டது இதத்தான். இதுக்குத்தான் இம்புட்டு நேரம் ஒங்ககிட்ட கெஞ்சிக்கிட்டு இருந்தேன். நீங்ககூட பொய் சொல்ல வேண்டாம், அவளே சொல்லிட்டா. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. நான் நிம்மதியா மூச்சு விடணும்ல? விட முடியலையே.

எந்திரிக்காதீங்க. பைய எடுக்காதீங்க, உக்காருங்க. அவ பொய் சொல்றா.

ஏய், நீ சும்மா இரு. பாப்பா படிப்பு, என் வேலை, எல்லாத்தையும் ஒரு நொடியில கணக்குப் போட்டுட்டுத்தான சொல்ற? ஒன்னைத் தெரியாதா எனக்கு? தெரியாதுதான் போல. மேடம், இவ பொய் சொல்றா. ஒரு கோடுகூட நான் போடல. சவரிராஜ் சாருக்கு வேணும்னாலும் போன் போடுங்க, ஒங்க முன்னாடியே சொல்றேன். அப்பறம் அவரு என்ன செய்வாரோ செய்யட்டும். ஐயோ, அவரப் போயி பெருசா நெனச்சுக்கிட்டு இருந்தேனே... அவரு கெடக்கட்டும் மேடம்.

தமயந்தி, இங்க வா. இந்த லேப்டாப்புக்கு முன்னாடி உக்காரு. இந்தக் கட்டத்துல இருக்குற என் பேர எடுத்துட்டு ஒன் பேரப் போடு. எல்லாத்துலயும் போடு. நானே போட்டுருவேன், ஆனா அது எப்புடி மாத்துறதுன்னு எனக்குத் தெரியாதுடி.

அழுவாத. மேடம் பாக்குறாங்க. அந்த பிஸ்கட்ட இப்புடிக் குடு, தட்டுல நான் வைக்கிறேன்.